பச்சைக் கிளியும் பால்மரப் பூசணமும்

சிங்கப்பூரில் சிராங்கூன் சாலை வழியே தேக்கா வட்டாரத்திற்குச் சென்று வந்தவர்கள் கிளி சோதிடத்தை அறிந்திருப்பர். ஐந்தடி நடைபாதையில் சிறு மேசை ஒன்று இருக்கும். அதன்மேல் ஒரு கூண்டும், வரிசையாக அடுக்கிய சீட்டுகளும் இருக்கும். சோதிடர் கூண்டின் கதவைத் திறந்தவுடன் கிளி வெளியே வந்து, சீட்டு ஒன்றை அலகால் இழுத்துப் போடும். கூலியாக ஒரு நெல்மணியைப் பெற்றுக்கொண்டு மீண்டும் கூண்டினுள் புகுந்துவிடும். 2010ஆம் ஆண்டு உலகக் கிண்ணக் காற்பந்துப் போட்டியின்போது இவ்வட்டாரத்துக் கிளியாகிய மணி, கால் இறுதி ஆட்டங்கள் நான்கிலும் வெற்றி பெறும் நாட்டைச் சரியாக எடுத்துக் காட்டி உலகப் புகழ் பெற்றது. இறுதி ஆட்டத்தில் அது நெதர்லாந்தின் சீட்டை எடுத்தது, வென்றது ஸ்பெயின். எனினும் மணியின் புகழ் பெரிதாகக் குறைந்துவிடவில்லை.

இவ்வாறு சீட்டெடுக்கும் கிளியின் இனத்திற்குச் செந்தார்ப் பைங்கிளி என்று பெயர். ஆண் கிளியின் கழுத்தில் கருமையும் இளஞ்சிவப்பும் கலந்த ஆரம் ஒன்று இருக்கும். பெண் கிளிக்கு அது இல்லை. இவ்வினத்தின் தாயகம் இந்தியத் துணைக்கண்டமும் ஆப்பிரிக்காவின் ஒரு பகுதியுமே ஆகும். சிங்கப்பூர் அதன் தாயகம் அன்று. மனிதன் கூண்டில் வைத்துக் கொண்டுவந்ததால் அது வந்தது.

தோட்டத் தொழிலாளர்களுக்கு உரிய இவ்வேட்டில் கிளியைப் பற்றி எழுதுவானேன் என்று வாசகர்கள் வினவக்கூடும். ஓர் உயிர் தன் தாயகத்தை விட்டு வேற்று நாட்டிற்கு எவ்வாறு வருகிறது, வந்த இடத்தில் எப்போது வேரூன்றுகிறது, எப்போது கேடாக மாறுகிறது என்னும் கேள்விகள் பால்மரத்தை நம்பி வாழ்வோர்க்கு மிகவும் உரியவை. பால்மரத்தின் கொடிய பகைவனாகிய ஒரு பூசணம் இன்றுவரை ஆசியக் கண்டத்தில் காலெடுத்து வைக்கவில்லை. அது வருமா என்பதை விளங்கிக்கொள்ள, ஏற்கெனவே வந்து குடியேறிவிட்ட கிளியை அதனோடு ஒப்பிட்டுப் பார்ப்பது நல்ல பாடமாகும்.

மூன்று கிளிகள்

சிங்கப்பூரில் பச்சை நிறத்துடன் பறக்கும் கிளிகள் எல்லாம் ஒரே இனம் என்று பலர் எண்ணுகின்றனர். அவற்றுள் மூன்று இனங்களை நாம் பிரித்தறிதல் வேண்டும். முதலாவது நெடுவால் கிளி. சிவந்த கன்னமும் நீண்ட வாலும் உடைய இதுவே மண்ணின் மைந்தன். தீபகற்ப மலேசியா, சுமத்திரா, போர்னியோ, அந்தமான் நிக்கோபார்த் தீவுகள் ஆகிய இடங்களிலும் இது வாழ்கிறது. காடுகள் அழிந்து வருவதனால் இவ்வினம் உலக அளவில் அழிவை எதிர்நோக்கும் பறவைகளின் பட்டியலில் சேர்க்கப்பட்டுள்ளது.

இரண்டாவது செம்மார்புக் கிளி. தலை சாம்பல் நிறம், மார்பு இளஞ்சிவப்பு, அலகின் அடியில் மீசை போன்ற கரிய பட்டை. இமயமலை அடிவாரம் முதல் மியன்மார், இந்தோசீனம் வரையிலும், அப்பால் ஜாவாத் தீவிலும் இதன் தாயகம் பரந்துள்ளது. சிங்கப்பூர் அதனுள் அடங்காது. வளர்ப்புப் பறவையாக வந்து, கூண்டிலிருந்து தப்பியவையும் மனம் இரங்கித் திறந்துவிடப்பட்டவையும் பெருகியதால் இன்று இது நகரெங்கும் கூட்டங் கூட்டமாகப் பறக்கிறது. மூன்றாவதே நாம் முன்னர்க் கண்ட செந்தார்ப் பைங்கிளி. இதுவும் வெளியில் ஆங்காங்கே காணப்படுகிறது. ஆனால் சிங்கப்பூரில் செம்மார்புக் கிளி அளவுக்குப் பெருகவில்லை. இலண்டன் மாநகரப் பூங்காக்களிலோ இதே பைங்கிளி ஆயிரக்கணக்கில் குடியேறியிருக்கிறது. குளிர் நாட்டில் பெருகிய பறவை வெப்ப நாட்டில் பெருகாமல் நிற்பது வியப்புக்குரியதே.

கிளிக்கு மரத்தைக் குடைந்து பொந்து அமைக்கத் தெரியாது. மரங்கொத்தி குடைந்து விட்டுச் சென்ற பொந்தோ, கிளை முறிந்து உளுத்த இடமோ கிடைத்தால்தான் அது முட்டையிடும். நகரில் உணவுக்குப் பஞ்சமில்லை. சாலையோர மரங்களின் காய்களும் பூக்களும் வீட்டுத் தோட்டத்துக் கனிகளும் அதற்கு உணவாகும். பொந்துக்குத்தான் பஞ்சம். உளுத்த மரத்தை நகரத்தார் விழுந்துவிடும் என்று அஞ்சி வெட்டிவிடுகின்றனர். எஞ்சிய பொந்துகளுக்காக நெடுவால் கிளியும் செம்மார்புக் கிளியும் போட்டியிடுகின்றன. பறவை ஆர்வலர்கள் கவலைப்படுவது இதைப் பற்றியே ஆகும். வந்தவன் வீட்டுக்காரனின் சோற்றை உண்பதைவிட அவன் அறையில் படுத்துக்கொள்வதுதான் பெருந்தொல்லையாக முடிகிறது.

பால்மரமும் வந்த விருந்தாளியே

தோட்டத்தில் பிறந்து வளர்ந்தோர்க்குப் பால்மரம் இந்நாட்டு மரமாகவே தோன்றும். அதுவும் கிளியைப் போல மனிதன் கையில் வந்ததுதான். 1876ஆம் ஆண்டில் ஹென்றி விக்காம் என்னும் ஆங்கிலேயர் பிரேசில் நாட்டின் தப்பஜோஸ் ஆற்றங்கரைப் பகுதியில் ஏறத்தாழ 70,000 ரப்பர் விதைகளைத் திரட்டி, இலண்டனை அடுத்த கியூ பூங்காவிற்குக் கொண்டு சேர்த்தார். அவற்றுள் முளைத்தவை ஏறத்தாழ 2,700 மட்டுமே. அவற்றில் பெரும்பகுதி இலங்கைக்கு அனுப்பப்பட்டது. 1877இல் 22 நாற்றுகள் சிங்கப்பூர்ப் பூமலைக்கு வந்தன. அங்கிருந்து சில கோலக் கங்சாருக்குச் சென்றன. 1888இல் பூமலையின் பொறுப்பை ஏற்ற ஹென்றி ரிட்லி, மரத்தைக் கொல்லாமல் பட்டையை மெல்லிய சீவலாகச் சீவிப் பால் எடுக்கும் முறையைக் கண்டார். உளி பிடிக்கும் ஒவ்வொரு கையும் அவர் காட்டிய வழியையே இன்றும் பின்பற்றுகிறது. 1896இல் டான் சே யான் மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் முதல் வாணிபத் தோட்டத்தை அமைத்தார். எஞ்சிய வரலாறு நம் பாட்டன், பூட்டன் காலத்து வரலாறு. ஈண்டு விரிக்க வேண்டுவதில்லை.

இவ்வரலாற்றில் பலரும் கவனியாத செய்தி ஒன்று உண்டு. விக்காம் கொண்டு சென்றவை விதைகள். இலை விட்ட கன்றுகள் அல்ல. அமேசான் காட்டில் பால்மரத்தின் இளந்தளிரைத் தாக்கும் பூசணம் ஒன்று இருந்தது. அதன் இருப்பே அன்று விஞ்ஞானிகளுக்குத் தெரியாது. எர்ன்ஸ்ட் உலெ என்னும் ஜெர்மானியத் தாவர ஆய்வாளர் அமேசான் பகுதியில் திரட்டிய இலைகளைக் கொண்டு 1904இல்தான் அதற்கு அறிவியற் பெயர் இடப்பட்டது. இன்று அதன் பெயர் சூடோசெர்கோஸ்போரா உலெய். மைக்ரோசைக்ளஸ் உலெய் என்பது அதன் பழைய பெயர். அது விளைவிக்கும் நோயைத் தென்னமெரிக்க இலைக்கருகல் நோய் என்பர். விதைகள் இங்கிலாந்து வழியாக வந்தமையால், தளிரில் வாழும் அப்பூசணம் பின்தங்கிவிட்டது. யாரும் திட்டமிட்டுச் செய்த காப்பு அன்று அது. தற்செயலாக வாய்த்த நற்பேறு. மரம் கடல் கடந்தது. அதன் பகைவன் கரையிலேயே நின்றுவிட்டான்.

கிளிக்கும் இதே நற்பேறு வாய்த்திருக்கிறது. இந்தோனேசியத் தீவுகளுக்கு உரிய மஞ்சட்கொண்டைக் கொண்டைக்கிளி, பறவை வாணிபத்திற்காகப் பிடிக்கப்பட்டுத் தாயகத்தில் அருகிப் போய்விட்டது. அவ்வாணிபத்தின் வழியே வந்து தப்பிய கொண்டைக்கிளிகளோ சிங்கப்பூரில் அச்சமின்றித் திரிகின்றன. சிங்கப்பூரில் அதற்குப் பாம்பும் கழுகும் உண்டு. கண்ணி வைக்கும் வேடன்தான் இல்லை. ஆகவே, நன்கு நோக்கினால் கிளி ஒத்திருப்பது பூசணத்தை அன்று, பால்மரத்தையே. இரண்டும் மனிதன் விரும்பிக் கொண்டுவந்தவை. இரண்டும் பகைவனைப் பின்னே விட்டு வந்து செழித்தவை. பூசணமோ யாரும் அழையாத விருந்தாளி. வழி தெரியாமல் தாயகத்திலேயே காத்திருப்பது.

பகைவனின் இயல்பு

பூசணம் என்பது ஈர ரொட்டியின் மீதும் தோல் செருப்பின் மீதும் படர்வது போன்ற ஓருயிர். பெரும்பாலான பூசணங்கள் இறந்த பொருளை உண்டு வாழ்வன. நாம் இங்குப் பேசும் பூசணம் உயிருள்ள இளந்தளிரை உண்பது. அதன் நுண்வித்து ஒரு மில்லிமீட்டரில் ஏறத்தாழ இருபதில் ஒரு பங்கு அளவினது, கண்ணுக்குப் புலப்படாது. காற்றில் மிதந்து வந்து, விரிந்து சில நாட்களே ஆன தளிரின் மீது அது விழ வேண்டும். தளிர் பல மணி நேரம் நனைந்திருக்க வேண்டும். இவை இரண்டும் அமைந்தால் நுண்வித்து முளைத்து இலையினுள் புகும். ஒரு வாரத்திற்குள் அவ்விலையிலேயே புதிய நுண்வித்துகள் பெருந்தொகையாக உண்டாகிக் காற்றில் கிளம்பிவிடும். இளந்தளிர் கருகிச் சுருண்டு உதிரும். சற்று முற்றிய இலை உதிராமல் தப்பினாலும், அதன் மேற்புறத்தில் கரிய பொருக்குகள் தோன்றி உப்புத்தாள் போலச் சொரசொரக்கும்.

ஒரு முறை இலை உதிர்ந்தால் மரம் சாவதில்லை. மீண்டும் தளிர்க்கும், அத்தளிரும் கருகும். மீண்டும் மீண்டும் தளிர்க்க முயன்று தன் சேமிப்பையெல்லாம் செலவழித்த மரம், நுனிக்கொம்பு முதல் காய்ந்துகொண்டே வந்து இறுதியில் பட்டுப்போகும். கையிருப்பு முழுவதையும் வட்டிக்கே கொடுத்துத் தீர்த்த குடும்பத்தின் கதைதான் இது.

நம் மரங்கள் ஆண்டுதோறும் இலையுதிர்த்து ஒரே சமயத்தில் தளிர்ப்பதைத் தொழிலாளர்கள் நன்கு அறிவர். நிரை நிரையாக, கண்ணுக்கெட்டிய தூரம் வரை செந்தளிர் விரியும் அந்த நாட்கள் பார்ப்பதற்கு அழகானவை. அப்பூசணத்திற்கு அதைவிட நல்ல விருந்து வேறில்லை. அமேசான் காட்டில் பால்மரங்கள் தனித்தனியே, பிற மரங்களுக்கிடையே சிதறி நிற்கின்றன. ஒரு மரத்திலிருந்து கிளம்பிய நுண்வித்து அடுத்த பால்மரத்தைக் கண்டடைவது அரிது. அங்கே பூசணமும் மரமும் நெடுங்காலமாகச் சேர்ந்தே வாழ்ந்து வருகின்றன. தோட்டத்திலோ ஒரு ஹெக்டரில் 400 முதல் 500 மரங்கள் வரை நிற்கின்றன. மேலும், ஒரே தாய்மரத்திலிருந்து ஒட்டுக்கட்டிய கன்றுகள் அனைத்தும் உடன்பிறப்புகளைவிட நெருக்கமானவை. ஒன்று தாங்காத நோயை மற்றொன்றும் தாங்காது.

இதனை அமெரிக்கக் கோடீஸ்வரர் ஹென்றி ஃபோர்டு பெரும்பொருள் கொடுத்துக் கற்றார். தம் மோட்டார் வண்டிகளுக்கு வேண்டிய ரப்பரைத் தாமே விளைவிக்க எண்ணி, 1927இல் பிரேசிலில் பரந்த நிலத்தைப் பெற்றார். 1928இல் தப்பஜோஸ் ஆற்றங்கரையில் ஃபோர்ட்லாந்தியா என்னும் நகரையே எழுப்பினார். விக்காம் விதை திரட்டிய அதே ஆறுதான். மரங்கள் நெருக்கமாக நடப்பட்டன. கிளைகள் ஒன்றோடொன்று கூடும் பருவத்தில் இலைக்கருகல் வந்து விழுந்தது. 1934இல் பெல்டெர்ரா என்னும் வேறிடத்தில் மீண்டும் தொடங்கினார்கள். அங்கே ஆசியத் தோட்டங்களில் தேர்ந்தெடுத்த, பால் மிகுதியாகத் தரும் ஒட்டு வகைகளையும் கொண்டுபோய் நட்டனர். பகைவனையே கண்டறியாத அம்மரங்கள் மிக எளிதில் நோய்க்கு இரையாயின. 1945இல் ஃபோர்டு நிறுவனம் அனைத்தையும் பிரேசில் அரசாங்கத்திடம் விற்றுவிட்டு வெளியேறியது. ஃபோர்டு ஒரு முறைகூட அத்தோட்டத்தை நேரில் பார்த்ததில்லை. அதற்கு முன்னரே சூரினாம், பிரிட்டிஷ் கயானா ஆகிய நாடுகளிலும் தோட்ட முயற்சிகள் இதே நோயினால் கைவிடப்பட்டிருந்தன.

உலகில் விளையும் இயற்கை ரப்பரில் ஏறத்தாழ பத்தில் ஒன்பது பங்கு ஆசியாவில் விளைகிறது. பால்மரத்தின் தாயகமாகிய பிரேசில், தனக்கு வேண்டிய ரப்பரில் பெரும்பகுதியை வெளிநாட்டிலிருந்து வாங்குகிறது. அங்கே இன்று ரப்பர் நன்கு விளையும் இடம் அமேசான் அன்று. நீண்ட வறட்சிப் பருவம் உடைய சாவ் பாலோ மாநிலம். தளிர்விடும் காலத்தில் மழையில்லாமையால் பூசணத்திற்கு அங்கு வேலையில்லை. மலேசியாவின் பெரும்பகுதிக்கு அத்தகைய வறட்சி கிடையாது என்பதை இங்கே நினைவிற்கொள்ள வேண்டும்.

பூசணம் ஒன்று ஒரு நாட்டின் தோட்டத் தொழிலையே புரட்டிப்போட்டதற்குத் தமிழர் வரலாற்றிலேயே சான்று உண்டு. 1869இல் இலங்கைக் காப்பித் தோட்டங்களில் இலைத்துரு நோய் தோன்றியது. இருபது ஆண்டுகளுக்குள் காப்பித் தொழில் அழிந்து, தேயிலை அவ்விடத்தைப் பிடித்தது. 1880 முதல் 1882 வரை அங்கே ஆய்வு நடத்திய மார்ஷல் வார்டு, இடைவெளியின்றிக் காப்பி ஒன்றையே மலைமுழுதும் நட்டதுதான் நோய் பரவ வழி செய்தது என்று காட்டினார். தென்பாண்டிச் சீமையிலிருந்தும் திருச்சி, சேலம் பகுதிகளிலிருந்தும் சென்ற நம்மவர் காப்பிச் செடியை விட்டுத் தேயிலைக் கொழுந்துக்கு மாறியதன் பின்னணியில் ஒரு பூசணம் இருந்தது.

ஒப்பும் வேற்றுமையும்

இனி இரண்டையும் அருகருகே வைத்துக் காண்போம். கிளியோ பூசணமோ பெருங்கடலைத் தானாகக் கடப்பதில்லை. கிளியின் சிறகுக்கு அவ்வளவு வலிமை இல்லை. பூசணத்தின் நுண்வித்தோ நெடுநாள் வெயிலிலும் காற்றிலும் உயிர் தாங்குவதில்லை. இரண்டுக்கும் கப்பலோ விமானமோ வேண்டும். அதாவது மனிதன் வேண்டும். பாய்க்கப்பல் காலத்தில் வாரக்கணக்கான பயணத்தில் நுண்வித்து மடிந்திருக்கும். இன்று பிரேசிலில் காலையில் மிதித்த மண் மறுநாளோ அதற்கு மறுநாளோ சிங்கப்பூரில் வந்து இறங்கிவிடும்.

கிளி வரும்போது கூண்டு தெரியும், கூவும், சுங்க அதிகாரி பார்ப்பார். பூசணம் ஒரு செடியின் தளிரிலோ, சட்டை மடிப்பிலோ, சப்பாத்தின் அடியிலோ ஓசையின்றி வரும். கிளி பெருக ஆணும் பெண்ணும் வேண்டும், பொந்து வேண்டும், ஆண்டுக்கு மூன்று நான்கு முட்டைகள்தான். பூசணத்திற்கு இணை தேவையில்லை. ஒரே ஒரு நுண்வித்து ஓர் ஈரத் தளிரில் விழுந்தால் போதும்.

ஒன்றில் மட்டும் கிளியின் கை ஓங்கியிருக்கிறது. அது எதையும் உண்ணும். நாடு மாறினால் உணவை மாற்றிக்கொள்ளும். பூசணத்திற்கு அந்த ஆற்றல் கிடையாது. பால்மரமும் அதன் நெருங்கிய காட்டுச் சுற்றமும் தவிர வேறெதையும் அதனால் உண்ண முடியாது. மாமரத்திலும் தென்னையிலும் விழுந்த நுண்வித்து பட்டினி கிடந்து சாகும். எனவே, அதனைத் தடுத்து நிறுத்துவது கிளியைத் தடுப்பதைவிட ஒருவகையில் எளிது. எந்த வழியாக வரும், எதைத் தேடி வரும் என்பது முன்கூட்டியே தெரிந்த பகைவன் அவன்.

கிளி பயிருக்குக் கேடு செய்வதும் உண்மையே. தினைப்புனத்தில் பரண்மீது அமர்ந்து கவண் வீசிக் கிளி ஓட்டிய வள்ளியின் கதையை அறியாத தமிழர் இல்லை. இந்தியாவில் இன்றும் சோளக் கொல்லையிலும் கொய்யாத் தோப்பிலும் பைங்கிளி செய்யும் சேதம் சிறிதன்று. ஆயினும் கவண் எடுத்தால் கிளி பறந்துவிடும். விளைச்சலில் ஒரு பங்கு போனாலும் கொல்லை நிற்கும். பூசணத்தின்மீது வீசக் கவண் இல்லை. மருந்து தெளிக்கலாம் என்பர். முப்பது முழ உயரத்தில் விரியும் தளிருக்கு, மழைக்காலத்தில், வாரந்தோறும் மருந்து தெளித்துக் கட்டுப்படியாகும் தோட்டம் எது? இரண்டையும் ‘அயல்நாட்டு ஊறு’ என்று ஒரே பெயரால் அழைப்பது எமக்கு உடன்பாடன்று. கிளியின் கேடு ஒரு பொந்தின் அளவு; பூசணத்தின் கேடு ஒரு தொழிலின் அளவு.

சாங்கி முனையில்

சிங்கப்பூரில் இன்று வாணிப ரப்பர்த் தோட்டம் இல்லை. ஆகவே அந்நகருக்கு இப்பூசணத்தால் என்ன என்று எண்ணிவிடலாகாது. தீவின் கிழக்கு முனையாகிய சாங்கியை எடுத்துக்கொள்வோம். ஆசியாவின் பெரிய விமான நிலையங்களுள் ஒன்று அங்கே இருக்கிறது. அதனை அடுத்த சாங்கி கிராமத்தில் மாலை நேரத்தில் செம்மார்புக் கிளிகள் கூட்டமாக வந்து அடைகின்றன. அங்கிருந்து படகேறினால் சில நிமிடங்களில் புலாவ் உபின் தீவை அடையலாம். முற்காலத்தில் ரப்பர்த் தோட்டங்கள் இருந்த அத்தீவில், கைவிடப்பட்ட பால்மரங்கள் காட்டோடு காடாக இன்றும் நிற்கின்றன. ஜலசந்தியின் மறுகரை ஜோகூர். விமான நிலையம், கைவிடப்பட்ட பால்மரம், அதனை அடுத்து ஜோகூர்த் தோட்டங்கள் என்று படிக்கட்டு போல் அமைந்திருக்கிறது இவ்விடம். யாரும் வெட்டாத, யாரும் மேற்பார்க்காத மரத்தில் நோய் கண்டால் அது எத்தனை நாள் கழித்துத் தெரியவரும் என்பதுதான் கவலைக்குரியது.

இதனால்தான் சட்டங்கள் கடுமையாக இருக்கின்றன. 1956இல் ஐக்கிய நாடுகளின் உணவு வேளாண்மை நிறுவனத்தின் ஆதரவில் ஏற்பட்ட தென்கிழக்காசிய, பசிபிக் வட்டாரப் பயிர்ப் பாதுகாப்பு ஒப்பந்தத்தில் இந்நோய்க்கென்றே தனிவிதி எழுதப்பட்டது. மலேசியாவில் 1976ஆம் ஆண்டுப் பயிர்த் தடுப்புக்காப்புச் சட்டம் நடப்பில் உள்ளது. அமெரிக்க வெப்பமண்டல நாடுகளிலிருந்து வரும் செடிகளுக்குச் சிங்கப்பூரிலும் தனி நிபந்தனைகள் உண்டு. கிளிக்கும் சட்டம் உண்டு. சிங்கப்பூரின் 1965ஆம் ஆண்டு வனவிலங்கு, பறவைகள் சட்டம் 2020இல் திருத்தப்பட்டு வனவிலங்குச் சட்டம் என்று பெயர் மாறியது. அதன்படி அனுமதியின்றி விலங்கையோ பறவையையோ வெளியில் விடுவதும், வனவிலங்குக்கு உணவளிப்பதும் குற்றமாகும். கூண்டைத் திறந்துவிடுவது புண்ணியம் என்று கருதுவோர்க்கு இது கசப்பாக இருக்கலாம்.

விஞ்ஞானிகளே செடிகளைக் கொண்டுவரும்போதும் இதே கண்டிப்புத்தான். விக்காமின் விதைகளின் வழிவந்த மரங்களுக்குள்ளேயே திரும்பத் திரும்ப ஒட்டுக்கட்டியதால் நம் தோட்டங்களின் மரபுவளம் குறுகிவிட்டது. அதனை விரிவாக்க, 1981இல் அனைத்துலக ரப்பர் ஆராய்ச்சிக் கழகத்தார் பிரேசில் அரசாங்கத்துடன் சேர்ந்து அமேசான் காட்டில் அறுபதாயிரத்துக்கு மேற்பட்ட விதைகளைத் திரட்டினர். பாதி பிரேசிலிலேயே தங்கிவிட்டது. எஞ்சியவை நோய்த்தடுப்பு முறைகளுக்கு உட்படுத்தப்பட்ட பின்னரே மலேசியாவிற்கும் ஐவரி கோஸ்டுக்கும் வந்தன. நோயைத் தாங்கும் மரங்களை உண்டாக்கும் பணியில் அவற்றின் வழிவந்தவை உதவக்கூடும். தாங்கும் தன்மையும் மிகுந்த பாலும் ஒரே மரத்தில் சேர்வது எளிதில் கைகூடுவதன்று.

ஏற்கெனவே உள்ள நோய்களோடு குழப்பிக்கொள்ளலாகாது

பால்மரத்தைத் தாக்கும் பூசணங்கள் எல்லாம் வெளிநாட்டின என்று எண்ணவேண்டா. வெள்ளை வேர் நோய் இம்மண்ணின் காட்டு மரங்களில் இருந்த பூசணத்தால் உண்டாவது. 1904இல் ரிட்லியே அதனைச் சிங்கப்பூர்ப் பூமலையில் பால்மரத்தின்மீது முதன்முதலாகக் கண்டார். அங்கே விருந்தாளி மரம், வீட்டுக்காரன் பூசணம். 1980களில் இலங்கையில் கொரினெஸ்போரா இலையுதிர்வு நோய் பரவி, ஆர்.ஆர்.ஐ.சி. 103 என்னும் நல்ல ஒட்டு வகையையே கைவிடச் செய்தது. 2016இல் வட சுமத்திராவில் தொடங்கிய பெஸ்டலோசியோப்சிஸ் இலையுதிர்வு நோய், மலேசியா, தாய்லாந்து, இலங்கை என்று பரவியிருக்கிறது.

ஆகவே, பருவமல்லாத காலத்தில் இலை கொட்டினால் அதனைத் தென்னமெரிக்க நோய் என்று கலங்க வேண்டுவதில்லை. இலையைக் கூர்ந்து நோக்குதல் வேண்டும். முற்றிய பச்சை இலையில் வட்ட வட்டமான பழுப்புப் புள்ளிகள் தோன்றி மஞ்சளித்து உதிர்ந்தால் அது பெஸ்டலோசியோப்சிஸாக இருக்கலாம். நரம்புகள் மட்டும் கருத்து, மீன் முள்ளைப் போலத் தோன்றினால் கொரினெஸ்போரா. தளிரில் வெள்ளை மாவு படிந்திருந்தால் நமக்குப் பழக்கமான சாம்பல் நோய். இளந்தளிர் கருகிச் சுருண்டு, எஞ்சிய இலையின் மேற்புறத்தில் கரிய பொருக்குகள் உப்புத்தாள் போலக் கைக்குத் தட்டுப்பட்டால் மட்டுமே உடனடியாக மேலாளருக்கும், அவர்வழி மலேசிய ரப்பர் வாரியத்திற்கும் தெரிவித்தல் வேண்டும்.

அவ்வாறு தெரிவிக்கும்போது அந்த இலையைக் காட்டுவதற்காகப் பறித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு அலுவலகத்திற்குச் செல்லலாகாது. இலை செல்லும் வழியெல்லாம் நுண்வித்தும் செல்லும். மரத்தில் அடையாளமாக ஒரு துணியைக் கட்டிவிட்டு, எந்த நிரை, எத்தனையாவது மரம் என்று குறித்துக்கொண்டு வந்து, அதிகாரியை மரத்தினிடம் அழைத்துச் செல்வதே முறை. திரும்பி வந்தபின் அன்று உடுத்திய உடையைத் துவைத்துவிட்டு, உளியையும் காலணியையும் சவர்க்கார நீரில் கழுவிவிட வேண்டும்.